மழை வார்த்தையில் ஒரு கசிவு

அம்னூன் காத்தானோவ் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் நின்றவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டான்.

அந்த வருஷம் ஜெருசலேமில் மழை தள்ளிக்கொண்டே போனது. புகாராவிலிருந்து குடியேறிய யூதர்கள் வாழும் புகாராக்காரர் வட்டாரத்தில் மொட்டை மாடித் தொட்டிகள் வெயிலில் முனகின. மழைக்காலம் பிறக்கிற யூத மாதமான மர்ஹெஷ்வான் ஏழாம் தேதி வந்ததும் வழக்கம்போல எல்லோரும் தினசரி ஜெபத்தில் மழை வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். "பனியும் மழையும் ஆசியாகத் தா" என்று கேட்க வேண்டும். கோடையில் அது கிடையாது. கோடை முழுக்க ஒரே தடத்தில் ஓடிப் பழகிய நாக்கு, மழைக்காலம் பிறந்த முதல் சில வாரம் பழைய தடத்திலேயே ஓடிவிடும். யார் நாக்கும் ஓடும்.

அதற்குச் சட்டம் இருக்கிறது. மறந்தவன் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னோமா இல்லையா என்றே தெரியாதவன், முதல் முப்பது நாளுக்குள் என்றால், சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டு திரும்பச் சொல்ல வேண்டும். முன்னால் நின்று நடத்துகிறவன் மெளன ஜெபத்தில் மறந்தால், கூட்டத்தைக் காக்க வைக்க வேண்டாம். எப்படியும் எல்லோருக்காகவும் அவன் மறுபடி உரக்கச் சொல்லப் போகிறான், அப்போது சேர்த்துக்கொண்டால் போதும். சந்தேகம் உள்ள மற்றவர்களும் அந்த உரத்த ஜெபத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்டால் போதும். மனிதர்கள் மறப்பார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. அதில் யார் மேலும் கோபம் கிடையாது.

கோபத்தைச் சேர்த்தவர் ஷாலுமோவ்.

ஷாலுமோவ் சட்டம் படித்துச் சொல்கிற ரப்பி இல்லை. ஒரு தண்ணீர் கம்பெனியில் கசிவு கண்டுபிடிக்கும் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் காதை வைத்தே உள்ளே குழாய் ஒழுகுகிறதா என்று சொல்லிவிடுவாராம். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காதுக்கு வேலையில்லாமல் இருந்தது. ஒரு சனிக்கிழமை ஜெபக்கூடத்தில் ஜெபம் முடிந்ததும் மேடையேறி இப்படிப் பேசினார்:

"பெரியோர்களே, மேலேருந்து தண்ணி வரலைன்னா காரணம் ரெண்டுதான். ஒண்ணு, தொட்டி காலி. இது யாரோட தொட்டின்னு உங்களுக்கே தெரியும், அது காலியாகாது. ரெண்டாவது, வழியில எங்கயோ கசியுது. வழின்னா நாமதான். நம்மள்ள எவனோ ஒருத்தன் மழை வார்த்தைய முழுங்கறான். அது யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா பொய் சொல்லுவீங்க. நானே கண்டுபிடிச்சுக்கறேன்."

அப்படித்தான் மழை வார்த்தைப் பாதுகாப்புக் குழு பிறந்தது. தலைவர் ஷாலுமோவ். செயலாளர் பாபாயெவ், பழக்கடைக்காரர். ஊரில் யார் என்ன விலைக்கு மாதுளை வாங்கினார்கள் என்பது உட்பட எல்லாம் தெரிந்தவர். குழுவின் முதல் கூட்டத்துக்கு ரப்பி நிசானையும் கூப்பிட்டார்கள்.

"ரப்பி, மறந்தவன என்ன செய்யறது?" என்று கேட்டார் பாபாயெவ்.

"திரும்பச் சொல்லச் சொல்லு."

"அப்புறம்?"

"அப்புறம் டீ குடிக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. அரை நிமிஷத்தில் பதில் சொல்கிற ஆளை வைத்துக்கொண்டு குழு நடத்த முடியாது.

குழுவின் முதல் ஏற்பாட்டுக்குப் 'பக்கத்துக் காது' என்று பெயர். ஒவ்வொருவர் ஜெபத்தையும் பக்கத்தில் நிற்பவர் உன்னிப்பாகக் கேட்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. மெளன ஜெபம் தன் காதுக்கு மட்டும்தான் கேட்க வேண்டும், அடுத்தவன் காதில் விழக்கூடாது என்பதும் சட்டம். குழு மூன்று நாள் உட்கார்ந்து பேசி வழி கண்டது. பக்கத்துக் காது கேட்க வேண்டும், ஆனால் எதுவும் அதில் விழக்கூடாது. விழுந்தால் சொன்னவன் சத்தம் போட்டான் என்று அர்த்தம். விழாவிட்டால் அவன் சொன்னானா என்பதே சந்தேகம். இரண்டு வகையிலும் புகார் கொடுக்கலாம் என்பதால் ஏற்பாடு நன்றாக ஓடியது.

இதெல்லாம் அம்னூனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். வசந்தத்தில், பஸ்கா பண்டிகை முடிந்த மறுவாரம் அவன் அம்மா பக்மால் இறந்துபோனாள். மூன்று அக்காக்களும் நியூயார்க்கில். மகன் அவன் ஒருவன்தான். துக்கம் காக்கிற மகன் பதினோரு மாதம் முன்னால் நின்று ஜெபம் நடத்தினால், போன உயிர் ஒவ்வொரு நாளும் ஒரு படி மேலே ஏறும் என்பது அங்கே எல்லோரும் நம்புவது. அம்னூனுக்குக் குரல் கிடையாது. பிழையில்லாமல் படிக்க வராது. ஆனாலும் ஏழு மாதமாக ஒரு மாலைகூட விடாமல் நின்றுவிட்டான். அம்மா உயிரோடு இருந்தபோது வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கக்கூட நேரமில்லாமல் ஓடியவன். நடுவில் நிறுத்தினால் படிக்கட்டின் பாதியில் அவளைத் தனியே நிறுத்திவிட்டு வந்த மாதிரி இருக்கும் என்று அவனுக்கு ஒரு பயம்.

அன்றைக்கு மாலை ஜெபத்தில், மெளனமாக நிற்கும்போது சட்டைப்பையில் போன் துடித்தது. நாலாவது மாடியில் ஒரு வீட்டில் மெஷினைப் பாதியில் விட்டு வந்திருந்தான். குழாயை இறுக்கினோமா என்று ஒரு கணம் யோசித்தான். ஜெபத்தை முடித்து முறைப்படி மூன்று அடி பின்னால் வைத்தபோது, குழாயை இறுக்கியது நன்றாக ஞாபகம் வந்தது. மழை வார்த்தை ஞாபகம் வரவில்லை.

பக்கத்தில் பாபாயெவ் நின்றார்.

"பாபாயெவ் அண்ணே, எனக்கு ஞாபகமில்ல. மழை வார்த்தைய நான் சொன்னேனா?"

பாபாயெவ் முகத்தில், வாடிக்கையாளர் தராசைப் பார்க்காமல் பணம் நீட்டும்போது வருகிற ஒளி வந்தது.

"நீ ஜெபத்த நடத்து தம்பி, அப்புறம் பேசுவோம்" என்றார் அன்பாக.

அம்னூன் சட்டப்படி உரக்க நடத்தினான். மழை வார்த்தை வந்த இடத்தில் தொண்டை கிழியச் சொன்னான். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை விஷயம் அங்கே முடிந்தது. குழுவைப் பொறுத்தவரை அங்கேதான் ஆரம்பித்தது.

விசாரணை, ஜெபக்கூடத்தில் பெண்கள் உட்காரும் மேல்தளத்தில் நடந்தது. வாரநாளில் அங்கே யாரும் வருவதில்லை. ஷாலுமோவ் நாற்காலியில், அம்னூன் பெஞ்சில், பாபாயெவ் படிவாசலில், ஓடிப்போய்விடாமல் இருக்க.

"உனக்கு ஞாபகமில்லேன்னு சொன்னியாமே?" என்றார் ஷாலுமோவ்.

"ஆமாங்கய்யா."

"ஞாபகமில்லேன்னு சொன்னது ஞாபகம் இருக்கா?"

"அது இருக்குங்கய்யா."

"எழுதிக்கோ பாபாயெவ். ஞாபகசக்தி நல்லா இருக்கு. நல்ல ஞாபகசக்தி உள்ளவன் மறக்க மாட்டான். மறக்காதவன் சொல்லலைன்னா, வேணும்னே சொல்லலைன்னுதானே அர்த்தம்?"

"ஐயா, சொல்லலைன்னு நான் சொல்லலியே. தெரியலைன்னுதான் சொன்னேன்."

"இந்த வட்டாரத்துல எத்தன பேரு ஜெபம் பண்றாங்க?"

"நூறு நூத்தம்பது பேரு இருக்கும்."

"அதுல தெரியலைன்னு சொன்னவன் எத்தன பேரு? நீ ஒருத்தன். அத்தன பேருக்கும் தெரியுது, உனக்கு மட்டும் தெரியல. கசிவு எங்கன்னு நான் சுவத்துல காதை வெச்சா கேக்கணும்?"

அம்னூன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தான். "சட்டத்துல முன்னால நிக்கறவன்..." என்று ஆரம்பித்தான்.

"சட்டத்துக்கு இரக்கம் ஜாஸ்தி தம்பி" என்றார் ஷாலுமோவ், வருத்தத்தோடு. "சட்டம் எழுதினவங்க எல்லாம் பெரியவங்க, நல்லவங்க. அவங்க எல்லாரையும் நம்பிட்டாங்க. அந்த ஓட்டைய அடைக்கத்தான் குழு இருக்கு. நான் முப்பது வருஷம் வேல பாத்தேன். 'எங்க வீட்டுல ஒழுகல சார்'னு சொல்லாத ஒருத்தன்கூட கிடையாது. நான் ஒருத்தனையும் நம்பினதில்ல. ஒருத்தனாவது என்னைத் தப்புன்னு நிரூபிச்சானா? சுவத்த இடிச்சப்புறம் ஒழுகலைன்னு தெரிஞ்சாகூட, இனிமே ஒழுகும்னு சொல்லிட்டு வருவேன்."

முதல் தண்டனை என்று சொல்லாமல் முதல் சிகிச்சை என்றார்கள். அது பழைய வழக்கம்தான். மழை வார்த்தையை ஒரே மூச்சில் தொண்ணூறு தடவை சொல்லிப் பழகிவிட்டால், முப்பது நாள் சொல்லிப் பழகியதற்குச் சமம். நாக்கு புதுத் தடத்துக்கு மாறிவிடும். வீட்டில் தனியாகச் சொல்லிவிட்டுப் போகிற காரியம். குழு அதற்கு ஒரு சாட்சி வைத்தது.

பாபாயெவ் அம்னூன் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். அம்னூனின் மனைவி சுலாய் கொத்தமல்லி போட்டுப் பச்சைச் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். வாசனை வந்தது. தட்டும் வந்தது. அம்னூன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனான். திடீரென்று பாபாயெவ் மெல்வதை நிறுத்தினார்.

"நிறுத்து நிறுத்து. இப்ப எத்தன?"

"நீங்கதானே அண்ணே எண்றீங்க?"

"அம்பத்தி... அறுபத்தி..."

சுலாய் கரண்டியோடு திரும்பினாள். "என்ன அண்ணே, ஞாபகமில்லையா?"

பாபாயெவ் முகம் சோற்றின் நிறத்துக்கு வந்தது. "ஏம்மா, சத்தமா பேசாத. ஜன்னல் தொறந்திருக்கு."

"இவரு எங்க கல்யாண நாள இருபது வருஷமா மறக்கறாரு, அப்ப ஒரு குழுவும் வரல. இப்ப நீங்க என் வீட்டு மேசையில உக்காந்து மறக்கறீங்க. உங்களுக்கு யாரு தொண்ணூறு தடவ எண்றது?"

அன்று இரண்டாவது சாட்சி வந்தார், முதல் சாட்சியைக் கண்காணிக்க. மறுநாள் மூன்றாவது சாட்சி, முதல் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிடாமல் பார்க்க. மூன்று பேருக்கும் சுலாய் சோறு போட்டாள். மூன்று பேரும் மூன்று எண் சொன்னார்கள். எது சரி என்று கண்டுபிடிக்க வழியில்லாததால், குழப்பத்துக்குக் காரணமானவன் என்று அம்னூனை முன்னால் நிற்பதிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பஸ்கா பண்டிகையோடு மழைக்காலம் முடியும்வரை.

"பஸ்கா வரைக்குமா?" அம்னூன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "ஐயா, அதுக்குள்ள எங்கம்மாவோட பதினோரு மாசம் முடிஞ்சிடும்."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் ஷாலுமோவ் பரிவாக. "அப்புறம் உனக்கே நிக்க வேண்டிய அவசியம் இருக்காது. பிரச்சன தானா தீந்துடும்."

அந்த மாலை அம்னூன் கடைசி பெஞ்சில் நின்றான். முன்னால் வேறு யாரோ நின்றார்கள். அவன் ஆமென் மட்டும் சொன்னான்.

பக்கத்து வட்டாரத்துக்குப் போய் நிற்கலாம் என்று சுலாய் யோசனை சொன்னாள். போனான். அங்கே வாசலிலேயே ஒருவர் கேட்டார்: "நீதானே அந்த ஞாபகமில்லாதவன்?"

இதற்குப் பிறகு புகாராக்காரர் வட்டாரத்தில் ஒருவருக்குக்கூட ஞாபகம் தப்பவில்லை. தினமும் குழு அறிவித்தது: மறதி இல்லை, சந்தேகம் இல்லை. ஜெபம் முடிந்து மூன்று அடி பின்னால் வைக்கிற ஒவ்வொரு முகமும் திருப்தியாக இருந்தது. கொஞ்சம் அளவுக்கு அதிகமான திருப்தி.

அம்னூனுக்கு மட்டும் வேறு ஒன்று கண்ணில் பட்டது. ரிப்பேருக்குப் போகிற வீடுகளில், துணி துவைக்கிற பால்கனிக் கதவைத் திறந்தால், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கால்கள் சேர்த்து, கண் மூடி, உதடு அசைய. திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபக்கூடத்தில் திரும்பச் சொன்னால் பக்கத்துக் காது பார்த்துவிடும். படுக்கையறையில் சொன்னால் பிள்ளைகள் வெளியே உளறிவிடும். தையல்காரர் ஒருவர் ஜெபத்தின் நடுவில் பேச முடியாததால், விரலை உதட்டில் வைத்து அம்னூனைக் கெஞ்சலாகப் பார்த்தார். அம்னூன் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தான். அடுத்த வாரம் பாபாயெவ் வீட்டிலும் அப்படியே காத்திருந்தான்.

"மெஷின் சத்தம் போடுதான்னு பாத்துட்டிருந்தேன்" என்றார் பாபாயெவ் வெளியே வந்து.

"மெஷின் ஓடலியே அண்ணே."

"அதான் ஏன் சத்தம் வரலைன்னு."

அம்னூனை நிறுத்திய இரண்டாவது வாரம் மழை வந்தது. சாதாரண மழை இல்லை. படிக்கட்டுத் தெருக்களில் ஆறாக ஓடியது. ஷாலுமோவ் நனைந்த தொப்பியோடு மேடையேறினார்.

"அடைச்சோம், வந்துது. இனிமே யாருக்காவது சந்தேகம் இருக்கா? இருந்தா கைய தூக்கலாம், பேர குறிச்சுக்கறோம்."

யாரும் தூக்கவில்லை.

"நல்லது. இன்னிக்கு மால ஜெபத்த நானே நடத்தறேன். எப்படிச் சொல்லணும்னு எல்லாரும் பாத்துக்கோங்க."

நின்றார். மெளன ஜெபம் முடிந்தது. உரத்த ஜெபம் தொடங்கியது. குழாயில் தண்ணீர் பாய்கிற மாதிரி குரல். வருஷத்தை ஆசீர்வதிக்கக் கேட்கும் இடம் வந்தது. ஷாலுமோவ் கண்ணை மூடிக்கொண்டு, கம்பீரமாக, கோடைக்கால வரிகளைச் சொன்னார். ஆசியைச் சொன்னார். விளைச்சலைச் சொன்னார். மழையைச் சொல்லவில்லை. நேரே அடுத்ததற்குப் போய்விட்டார்.

அம்னூன் நிமிர்ந்தான். இந்த மாதிரி நேரத்தில் யாராவது பெஞ்சைத் தட்டுவது வழக்கம். ஒரு கை அசையவில்லை. இது குழு வைக்கிற பரீட்சையோ என்று பாதிப் பேர் நினைத்தார்கள். தட்டினால் 'உனக்கெப்படித் தெரியும், நீ ஜெபத்தைக் கவனிக்காமல் என்னைக் கவனித்தாயா' என்று கேள்வி வரும் என்று மீதிப் பேர். எல்லோர் முகமும் வெளுத்திருந்தது. அம்னூனுக்கு அப்போதுதான் புரிந்தது. யாருக்குமே தன் ஜெபத்தின் மேல் நிச்சயமில்லை. அத்தனை பேரும், வெளியே சொல்லாமல், முன்னால் நிற்பவனின் உரத்த ஜெபத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் கயிறும் அறுந்துவிட்டது.

ஷாலுமோவ் முடித்தார். அம்னூன் எழுந்தான்.

"ஐயா, மழை வார்த்தைய விட்டுட்டீங்க."

தலைகளெல்லாம் புத்தகத்துக்குள் குனிந்தன.

"யாரு அது?"

"அம்னூன்."

"உன் நிலைமை என்ன?"

"சந்தேகத்துக்கு உரியவன்."

"சந்தேகத்துக்கு உரியவன் காதுல விழாதது சாட்சியாகாது. வேற யாருக்காவது விழலியா? பாபாயெவ்?"

பாபாயெவ் வேகமாகத் தலையாட்டினார். "எனக்கு நல்லா கேட்டுச்சுங்கய்யா. ரெண்டு தடவ கேட்டுச்சு."

"மத்தவங்க?"

கேட்டது, கேட்டது என்று பெஞ்சு பெஞ்சாகச் சத்தம் எழுந்தது. தையல்காரர், மழை வார்த்தை இவ்வளவு அழகாகச் சொல்லி, தான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை என்றார்.

"இது போதாதா?" ஷாலுமோவ் ஜன்னலைக் காட்டினார். "வெளிய கொட்டுதே, அது சொல்லாமலா கொட்டுது?"

அம்னூன் வெளியே வந்தான். மழை. மேகத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் மாலை ஜெபத்தைத் திரும்பச் சொல்லியாக வேண்டும். அவன் வீட்டுக்குக் கீழே குண்டு வீச்சுக்குப் பதுங்குகிற நிலவறை ஒன்று இருந்தது. சண்டை இல்லாத நாளில் அவன் பழைய மெஷின்களை அங்கேதான் போட்டு வைப்பான். ஓடி இறங்கி விளக்கைப் போட்டான்.

கால்களைச் சேர்ப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம். தையல்காரர்.

"மழைக்கு ஒதுங்கினேன்" என்றார். அவர் வீடு எதிர்ப்பக்கம்.

"ஒதுங்குங்க" என்றான் அம்னூன்.

அடுத்து ஒருவர், இங்கே உதிரி பாகம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு. அடுத்து அண்ணன் தம்பி இருவர், ஒருவர் மற்றவரைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். ஒவ்வொருவரும் உள்ளே வந்ததும் மற்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்து, ஒரு மெஷினுக்குப் பின்னால் போய் நின்றார்கள். அம்னூனோடு சேர்த்து ஒன்பதாவதாக பாபாயெவ் வந்தார். அவர் காரணமே சொல்லவில்லை. கொண்டு வந்த குடையை மடக்கவும் மறந்து நின்றார்.

"ஒம்போது பேரு" என்று தையல்காரர் தொண்டையைச் செருமினார். "இன்னும் ஒருத்தர் இருந்தா, உரக்க நடத்தத் தேவையான பத்து பேர் ஆயிடும், தனித்தனியா முணுமுணுக்கறதுக்குப் பதிலா..."

படியில் மறுபடி காலடி. கனத்த காலடி. வாசலில் ஷாலுமோவ் நின்றார், தொப்பியிலிருந்து நீர் சொட்ட. ஒன்பது பேரும் தங்கள் பெயர்கள் ஜெபக்கூடச் சுவரில் ஒட்டப்படுவதை மனக்கண்ணில் கண்டார்கள்.

அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். மெஷின்களைப் பார்த்தார். கடைசியில், கம்மிய குரலில், "பத்து பேர் ஆச்சா?" என்றார்.

"உங்களோட பத்து" என்றான் அம்னூன்.

ஷாலுமோவ் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "அப்ப அம்னூனே நிக்கட்டும்."

"ஐயா, அவன நிறுத்தி வெச்சிருக்கோமே" என்றார் பாபாயெவ் பழக்கதோஷத்தில்.

"குழுவோட அதிகாரம் ஜெபக்கூடத்துக்குள்ளதான். இது தரைக்குக் கீழ" என்றார் ஷாலுமோவ். "சீக்கிரம் தம்பி, இருட்டுது."

அம்னூன் ஒரு பழைய மெஷினின் மூடியில் ஜெபப் புத்தகத்தை விரித்து முன்னால் நின்றான். பத்து பேரும் மெளனமானார்கள். மேலே தெருவில் மழை இரைந்தது. முடித்து, மூன்று அடி பின்னால் வைத்துத் திரும்பியபோது அம்னூன் முகம் தொங்கிப் போயிருந்தது.

"எனக்கு ஞாபகமில்ல" என்றான். "இப்பவும் ஞாபகமில்ல. அம்மாவ நெனச்சிட்டேன்."

பிறகு உதிரி பாகம் கேட்டு வந்தவர், "எனக்கும்தான்" என்றார். "எனக்கும்" என்றார் தையல்காரர். பாபாயெவ் குடைக்குப் பின்னாலிருந்து ஏதோ முனகினார். யாரோ சிரித்துவிட்டார்கள். நிலவறையில் அது பெரிதாகக் கேட்டது.

"அப்ப நீ உரக்கச் சொல்லு" என்றார் ஷாலுமோவ். அவர் யாரையும் பார்க்கவில்லை. "நிதானமா சொல்லு. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேக்கணும்."

அம்னூன் சொன்னான். குரல் இல்லாத குரலில், இரண்டு இடத்தில் பிழையோடு. மழை வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தான். ஆமென் வந்தது. ஏழு மாதத்தில் அவ்வளவு பெரிய ஆமென் அவனுக்கு வந்ததில்லை.

மறுநாள் ஜெபக்கூடத்தில் குழு வழக்கம்போல அறிவித்தது: மறதி இல்லை, சந்தேகம் இல்லை, அம்னூனுக்குத் தடை நீடிக்கிறது. அதிகாரபூர்வ ஜெபம் முடிந்ததும் எல்லோரும் திருப்தியான முகத்தோடு, வேறு வேறு சந்துகள் வழியாக, நிலவறைக்கு வந்து சேர்ந்தார்கள். பதினோரு மாதம் நிறைகிற வரை அம்னூன் அங்கே ஒரு மாலைகூட விடாமல் நின்றான். இடம் பற்றாமல் மெஷின்களை வெளியே எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

கீழே நடப்பது பற்றிக் குழுவுக்குக் கடைசி வரை எந்தப் புகாரும் வரவில்லை. வந்திருந்தாலும் வாங்கிக்கொள்ள மேலே ஆள் இல்லை. குழு முழுவதும் கீழேதான் நின்றுகொண்டிருந்தது.